செல்லைத் தூக்கினா நிக்கிற குதிரை

எங்கிட்டக் குதிரை கேட்டு வந்தவன் அத்தனை பேரும் அது எவ்வளவு வேகமா ஓடும்னுதான் கேட்டான். என்ன திங்கும்னு ஒருத்தன் கேக்கல. ஓடுறதுதான் வேணும்னா பைக் வாங்கித் தொலைய வேண்டியதுதானே? அதுக்கு லத்தி அள்ளுற வேலையும் கிடையாது.

என் பேரு முருகலட்சுமி. அக்காள்மடத்துல வீடு. தனுஷ்கோடி கடற்கரையில டூரிஸ்ட்டுகளைக் குதிரையில ஏத்தி நடத்துறது தொழிலு. அங்கன நான் ஒருத்திதான் பொம்பளை. என் வாய்க்குப் பயந்தே எவனும் என் இடத்துல குதிரையக் கொண்டாந்து நிறுத்தமாட்டான்.

இந்த மாசியில என் குதிரை செம்பிக்கு முன்னங்கால் வீங்கிப்போச்சு. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா தடவிப் பாத்துட்டு, "இனிமே முதுகுல ஆள் ஏத்தாதீங்க. புல்லு கெடக்குற எடமாப் பாத்து விடுங்க"ன்னாங்க. இந்தத் தீவுல புல்லுக்கு நான் எங்கன போவேன்? சவாரி நடந்தாத்தான் அதுக்குத் தீவனம். சரி, நல்ல ஆளாப் பாத்துக் குடுத்துருவோம், காசே வேணாம்னு முடிவு பண்ணுனேன். அப்பத்தான் நல்ல ஆளுக்கு எம்புட்டுப் பஞ்சம்னு தெரிஞ்சுச்சு.

ஏற்கெனவே ராசான்னு ஒரு குதிரையக் குடுத்து நான் பட்டவ. வாங்க வந்தவன் மீசையப் பாத்து ஏமாந்தேன். எங்க குதிரைக ரெண்டுக்கும் நான் ஒரு பழக்கம் பழக்கி வச்சிருந்தேன். போட்டோ எடுக்கையில குதிரை தலைய ஆட்டிப் படம் கெட்டுப்போனா டூரிஸ்ட்டுக என்னையத்தான் வைவாக. அதனால யாரு செல்லைத் தூக்கினாலும் அசையாம நின்னு, தலைய நிமித்திப் பாக்கணும். பாத்தா ஒரு துண்டு கருப்பட்டி.

ராசாவைக் குடுத்து ஆறு மாசம் இருக்கும். ராமநாதபுரத்துல பஸ்ஸுக்கு நின்னேன். ஒரு எலும்புக் குதிரை சுவத்து போஸ்டரப் பிச்சுத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. முதுகெல்லாம் புண்ணு. எந்தப் படுபாவி இப்படி விட்டான், படம் எடுத்து அவனை நாறடிப்போம்னு செல்லைத் தூக்கினேன். அது திங்கிறத நிறுத்திட்டு, நிமிந்து நின்னு என்னையப் பாத்துச்சு. அது ராசான்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. வீட்டுக்குக் கூட்டியாந்தும் பத்து நாளுதான் இருந்துச்சு. செம்பிக்கும் அந்தக் கதி வந்தா நான் மனுஷியே இல்ல.

முதல்ல வந்தவரு சேதுபதி, பெரிய நிலக்காரரு. வாசல்ல கட்டிவைக்கக் குதிரை வேணுமாம். "போர்ட்டிகோவுல புது டைல்ஸ் போட்டிருக்கேன், முகம் பாக்கலாம்"னாரு.

"அய்யா, அது வழுக்கி விழுந்தா தூக்குறதுக்குக் கிரேனும் வச்சிருக்கீகளா?"ன்னு கேட்டேன். கார்க் கதவைப் படார்னு சாத்திட்டுப் போயிட்டாரு.

அடுத்தவன் மருதுபாண்டி, குதிரைவண்டிப் பந்தயக்காரன். கால் வீக்கத்தைக் காட்டுனா, "ஒரு ஊசியப் போட்டா ஓடும்க்கா"ங்கிறான்.

"ஏலே, முதல்ல ஒனக்குப் போடுறேன், நீ ஓடிக் காட்டு."

நான் மறிக்கிறதுக்குள்ள தாவி ஏறிட்டான். பாவி, அந்தக் காலோட செம்பியத் தெருவுல விரட்டுறான்! அவன்கூட வந்தவனுக வீடியோ எடுக்கச் செல்லைத் தூக்கினானுக. செம்பி சடக்குன்னு நின்னு தலைய நிமித்துச்சு. மருதுபாண்டி நிக்கல. செம்பி காதுக்கு மேல பறந்து, தார்ப்பாயில காயப்போட்டிருந்த நெத்திலியில போய்க் குப்புற விழுந்தான். எந்திரிச்சப்போ மீசையில ரெண்டு மீனு. செம்பி எங்கிட்ட வந்து கருப்பட்டிக்கு மோந்துச்சு. அன்னைக்கு ரெண்டு துண்டு குடுத்தேன்.

மூணாவதா வந்தவரு சிற்றம்பலம் அண்ணன். மண்டபம் அகதி கேம்ப்காரரு, சிலோன்லேருந்து வந்தவரு. உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புல காவல் வேலை. தோப்புக்காரரு சம்மதிச்சிட்டாராம். பஸ்ஸுல ஒரு கட்டுப் புல்லோட வந்து இறங்கினாரு. கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் போட்டுட்டான்னு பொலம்பிக்கிட்டே செம்பி காலத் தடவிப் பாத்தாரு.

"இது என்ன விருப்பமாச் சாப்பிடும், தங்கச்சி?"

அப்பாடா, ஒரு மனுஷன் கேட்டுட்டாரு!

"எங்கட நெடுந்தீவில குதிரையள் தன்பாட்டுக்குத் திரியும்"னாரு. "நான் ஏறமாட்டன்."

"ஏறாம பின்ன எதுக்குண்ணே குதிரை?"

"நிண்டு மேயட்டும். பார்த்துக்கொண்டிருப்பன்."

இந்தாளுக்குக் கொஞ்சம் மறை கழண்டிருக்கும்னு நெனச்சேன். "லத்தி அள்ளுவீகளா?"

"தென்னைக்கு நல்லதெல்லோ"ன்னாரு. திரும்பிப் பாக்குறேன், கெடந்ததை எல்லாம் ஏற்கெனவே ஒரு சாக்குல அள்ளி வச்சிருக்காரு.

அப்பவும் நான் விடல. "சொல்லாமக் கொள்ளாம வருவேன். விலா எலும்பு ஒண்ணு தெரிஞ்சாலும் ஓட்டியாந்துருவேன். வேற ஆளுக்குக் கைமாத்தக் கூடாது. ஒங்களால முடியலைன்னா எங்கிட்டத்தான் திருப்பி விடணும்."

"ஓம்"னாரு. வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, தெருவே பாக்க மூக்கச் சிந்திச் சிந்தி அழுதேன்.

மூணு மாசம் கழிச்சு, சொன்ன மாதிரியே சொல்லாமப் போனேன். தென்னைக்கு நடுவுல செம்பி மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எலும்பு ஒண்ணும் தெரியல. ஆனா அத்தனை பட்டினியிலயும் ராசா பழக்கம் விடாம நிமிந்து நின்னதுதான் என் கண்ணுக்குள்ள வருது. நின்னுறாதடி, நின்னுறாதடின்னு சொல்லிக்கிட்டே செல்லைத் தூக்கினேன்.

செம்பி ஒரு தரம் பாத்துச்சு. அப்புறம் திரும்பி, குண்டியை எனக்குக் காட்டி, வாலைத் தூக்கி, நிதானமா லத்தி போட்டுட்டு மறுபடி மேயப் போயிருச்சு.

சிற்றம்பலம் அண்ணன் பதறி ஓடியாந்தாரு. "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. நிக்கிற பழக்கம் மறந்திட்டுது போல. திருப்பிப் பழக்கட்டே?"

"பழக்குனீக, கைய ஒடிச்சுப்புடுவேன்"னேன். சிரிப்பும் அழுகையும் ஒண்ணாச் சேந்து வந்து, மூஞ்சி அசிங்கமாப் போச்சு.

அந்தப் படம்தான் இப்ப என் செல்லுல முகப்பு. "என்னக்கா, குண்டி மட்டும்தான் தெரியுது"ங்கிறாக. தெரியட்டுமே.

கருப்பட்டி கொண்டு போயிருந்தேன். அன்னைக்கு அம்புட்டையும் அதுக்கே குடுத்துட்டு வந்தேன், நிக்காததுக்கு.