தலை பின்னிவிட்ட அப்பா

எங்கள் வீட்டுக்காரர் ராஜ்குமார் மகளுக்கு ஒரே ஒரு நாள்தான் தலை பின்னிவிட்டார். அதற்கே ஊர் உலகமெல்லாம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது.

நான் வனக்காவலர் தேர்வுக்காக வேலூரில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது நடந்தது இது. அந்த வாரம் முழுக்க எங்கள் நாலு வயசு மகள் இளவரசிக்குச் சோறு ஊட்டியது, குளிப்பாட்டியது, கால் கழுவிவிட்டது எல்லாம் என் மாமியார் மங்கம்மாள். ஒருநாள் அவர் சந்தைக்குப் போய்விட்டதால், மலைமேல் எங்கள் ஜமுனாமரத்தூரில் தன் செல்போன் கடையில் உட்கார்ந்து இவர் பின்னினார். கடைக்கு வந்த கஸ்டமர் ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். அவ்வளவுதான், சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்காரர்கள் காரில் மலையேறி வந்துவிட்டார்கள்.

அதற்குள் நான் திரும்பியிருந்தேன். போட்டோவுக்காக இவர் பின்னப் பின்ன, அது அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. போட்டோகிராபர் என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, நீங்க பின்னி விடுங்க. கடைசியில சார் கைய வெக்கட்டும்.”

பின்னினேன். பிறகு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைக் கொடுத்து, வெளிச்சம் சார் முகத்தில் விழுகிற மாதிரி பிடிக்கச் சொன்னார்கள். கை கடுக்கப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்திரிகையில் என் முகம் வரவில்லை, பெயர் மட்டும் வந்தது. ‘மனைவி பூவிழி வேலை தேடி வெளியூர் போய்விட, தனியாளாகக் குழந்தையைத் தாங்கும் தகப்பன்.’ ஏதோ நான் எவனோடோ ஓடிப்போன மாதிரி!

இளவரசி கைக்குழந்தையாக இருந்தபோது இவர் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர், ஒரு வருசம் கழித்துத்தான் வந்தார். பிள்ளை யாரோ என்று நினைத்து வீறிட்டு அழுதது. அப்போது எந்தப் பத்திரிகை எங்கள் வாசலுக்கு வந்தது? ஆம்பளை, பிழைக்கப் போனான் என்றார்கள். சரி, பிழைக்கத்தான் போனார். நான் மட்டும் என்ன, ஊர் சுற்றிப் பார்க்கவா போகிறேன்?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை மதுரையைத் தாண்டி இருக்கும் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும். ஆறு மாதப் பயிற்சி. அன்றைக்குச் சேராவிட்டால் என் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமியார் சொல்லிவிட்டார். இவரும் தலையாட்டினார். அப்போது பார்த்துத்தான் அந்தப் பத்திரிகை இவருக்குச் சிறந்த அப்பா விருது அறிவித்தது.

“ஞாயித்துக்கெழம வேலூர்ல விழா. நீயும் மேடையில இருக்கணுமாம். முடிஞ்சதும் அங்கயே உன்ன பஸ் ஏத்தி உடறேன்” என்றார்.

சாயங்கால மதுரை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, பையோடும் பிள்ளையோடும் போனேன். அதை விட்டால் காலைக்குள் போய்ச் சேர வழியில்லை.

மேடையில் நிகழ்ச்சி நடத்திய பெண் இவரிடம் கேட்டார். “சார், பொம்பளைங்க வேலைய எல்லாம் நீங்களே செய்யிறீங்களே, கஷ்டமா இல்லையா?” இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

“மேடம், இவ்ளோ சின்னக் குழந்தையை விட்டுட்டு ஆறு மாசம் போகப் போறீங்களாமே. மனசு வருதா?”

எனக்குச் சுருக்கென்றது. மைக்கை வாங்கிக்கொண்டேன்.

“இவருந்தாங்க, இது கைக்கொழந்தையா இருக்கும்போது ஒரு வருசம் குடகுக்குப் போனாரு. மனசு வந்துச்சான்னு அவர யாரும் கேக்கலியே?”

அப்பாடா, கேட்டுவிட்டேன் என்றிருந்தது.

“பார்த்தீங்களா!” அந்தப் பெண் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். “பச்சைக் குழந்தையைப் பிரிஞ்சு, குடும்பத்துக்காக ஒரு வருஷம் உழைச்சிருக்கார் இந்த அப்பா! எவ்வளவு பெரிய தியாகம்!”

முன்பைவிடப் பலமான கைதட்டல். அடப்பாவிகளா!

“சார், இவங்க போறதுல உங்களுக்குச் சம்மதமா?”

இவர் என்னைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். “அவ போவலைங்க. கொழந்ததான் முக்கியம்னு காலையிலயே முடிவு பண்ணிட்டா.”

என் கையில் மைக் இல்லை. தாய் என்றால் இவர்தான் தாய் என்று அந்தப் பெண் என்னைக் காட்டிக் கத்த, பாட்டைப் போட்டுவிட்டார்கள். சிரிங்க மேடம் என்றார்கள். பல்லைக் காட்டினேன்.

தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, விருது ஷீல்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இவர் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார்.

“நான் எப்பங்க அப்டி சொன்னேன்?”

“வேற இன்னா சொல்ல சொல்ற? கேமரா ஓடுது. போறான்னு சொன்னா உன்னத்தான காறித் துப்புவாங்க?”

“துப்பினா துப்பட்டும். நான் பஸ் ஏறப்போறேன்.”

“இந்நேரம் எல்லார் போன்லயும் வந்திருக்கும். அவ்ளோ பேரு கைதட்டினாங்க. இப்ப நீ போனா என் மூஞ்ச எங்க கொண்டு போய் வெச்சிக்கறது?” குரல் கெஞ்சியது. பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் என் பிழைப்பு போய்விடும் என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மதுரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படிக்குப் போவதற்குள் இரண்டு பெண்கள் ஓடிவந்து, செல்பி எடுக்க இவரைப் பிடித்துக்கொண்டார்கள். என் பின்னாலேயே வந்திருந்த இவர் பிள்ளையை என் தோளில் சாய்த்தார்.

“பாப்பாவ புடி. ஷீல்டு கண்ணாடி, ஒடைஞ்சிடும்.”

இளவரசி தூக்கத்திலேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பை நழுவிக் கீழே விழுந்தது.

“வேலையே வேணாம்னு சொன்ன அம்மா நீங்கதானங்க?” என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார்.

“என் பஸ்ஸுங்க! பாப்பாவ வாங்குங்க!” என்று கத்தினேன்.

இவர் இரண்டு கையாலும் ஷீல்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிசம் இரு” என்றார்.