இடது பக்கச் சுழற்சி

ஒஃபேலியா டீச்சர் பாலே ஆடிய காலத்தில் ஹவானாவே அவர் காலடியில் கிடந்தது. அதில் பொய்யில்லை. ஆனால் அவர் எப்போதும் இடது பக்கமாகவே சுழன்றதற்குக் காரணம் கலை இல்லை. சின்ன வயதில் உடைந்து கோணலாகக் கூடிய இடது கணுக்கால். அதை ஊன்றி வலது பக்கம் சுழல அவரால் முடியாது. எங்கள் குழுவுக்கு இயக்குநராக வந்ததும் அந்த ஊனத்தையே சட்டமாக்கினார். நாங்களும் அதைப் பெரிய மரபென்று தலையில் தூக்கிவைத்து ஆடினோம். முட்டாள் கூட்டம்!

என் ஜோடியாக ஆடிய நெரெய்தாவுக்கு வலது பக்கம் தண்ணீர் பட்ட பாடு. இடது பக்கம் சுழன்றால் விழுவாள். ஒத்திகையில் எல்லார் முன்னாலும் விழுந்தாள்.

"எந்திரிடி! நான் ஆடின வேஷம் இது, உங்க வீட்டு அடுப்பங்கரை இல்ல," என்றார் டீச்சர்.

"வலது பக்கம் சுத்தட்டுமா டீச்சர்? நல்லா வரும்."

"வராதுன்னா சொல்லிடு. கோழி மேய்க்க ஊருக்கு பஸ் ஏத்தி விடறேன். நல்லா ஆடினா நீதான் கதாநாயகி. இல்லன்னா கடைசி வரை பின்வரிசைதான்."

முதல் நாள் ஆட்டத்தில் அந்தச் சுழலும் இடம் வந்தது. நெரெய்தா ஒரு மூச்சு இழுத்தாள். வலது பக்கம் சுழன்றாள். அடேயப்பா! அரங்கமே எழுந்து நின்று கத்தியது.

கடைசியில் எங்கள் வழக்கப்படி நெரெய்தா திரை மறைவுக்குப் போய் டீச்சரைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வந்தாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டீச்சர் அவளைக் கட்டியணைத்து முத்தமிட்டார். நான் ஒரு கை தூரத்தில் நின்றேன்.

"நாளையிலேருந்து பின்வரிசை. சிரி, ஜனம் பாக்குது," என்றார் அவள் காதில்.

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். பாவி டீச்சர், மேடையில் வைத்தா சொல்வாள்!

திரை விழுந்ததும் நெரெய்தாவின் அம்மா உள்ளே ஓடிவந்தாள். தூரத்து ஊரான சாந்தியாகோவிலிருந்து லாரி ஏறி வந்தவள். மகளைக்கூடப் பார்க்காமல் டீச்சரின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

"எம் பொண்ண ஒசரத்துல வச்சிட்டீங்கம்மா. அத்தனை பேர் முன்னால முத்தம் குடுத்தீங்களே!"

டீச்சர் அவள் கண்ணீரைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டார்.

"நாளைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்கம்மா," என்றார்.

"கட்டாயம் இருக்கேன்," என்றாள் அந்தத் தாய்.