இருபத்தேழு குறைகள்

டாக்டரம்மா என் இடது கையைத் தன் மேஜையின் மேல் வைத்துப் பார்த்தார். மோதிர விரலில் நுனி இல்லை. போன குளிர்காலத்தில் போய்விட்டது. நடுவிரலில் நகத்தை ஒட்டி ஒரு புண். மிளகு அளவு. இரண்டு மாதமாக ஆறவில்லை.

"அடுத்தது இது," என்றார்.

குளிர் பட்டால் என் விரல்களுக்கு ரத்தம் வராது. முதலில் வெள்ளையாகும், பிறகு நீலமாகும். சூடு காட்டினால் ரத்தம் திரும்பும். திரும்பாவிட்டால் விரல் செத்துப்போகும். இதற்கு மாத்திரை உண்டு. சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"சூடான ஊருக்குப் போனா குணமாயிடுமா?" என்று என் கணவர் கேட்டார்.

"குணமாகும்னு நான் சொல்லல. இங்க இன்னொரு குளிர்காலம் இருந்தா விரல் போயிடும்னு சொல்றேன்."

"எத்தனை சதவீதம்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சார் என்ன வேலை பார்க்கிறார்?"

"லிஃப்ட் இன்ஸ்பெக்டர். போன வாரம்தான் ரிடையர் ஆனார்."

"அப்ப நேரம் இருக்கு, நல்லதாப் போச்சு. பனி விழறதுக்குள்ள ஒரு ஊரைப் பார்த்துக் கிளம்பிடுங்க. அஞ்சு மாசம் இருக்கு."

ஐந்து மாதம் என்பதை என் கணவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

முப்பத்தொரு வருடம் அவர் லிஃப்ட்களைச் சோதித்தார். கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்ப்பார். குறை இருந்தால் எழுதுவார். சின்னக் குறை, பெரிய குறை என்ற பேச்சே அவரிடம் கிடையாது. கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். கட்டட முதலாளிகள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு. "பூட்டு வந்தாச்சு" என்று கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்குச் செய்தி போகும். அது அவருக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றில்கூட யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தேன். மெழுகில் ஈறு வடித்து, அதில் பற்களை ஒவ்வொன்றாக ஊன்றுவது என் வேலை. மெழுகை இளக்க மேஜையில் ஒரு சின்ன விளக்கு எரியும். அதில் மெழுகைவிட விரல்களைத்தான் அதிக நேரம் காட்டினேன். மோதிர விரல் குறைந்த பிறகு, கடைவாய்ப் பல்லை நடுவிரலால் தாங்கப் பழகிக்கொண்டேன். நடுவிரலும் போனால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. மேற்பார்வை பார்க்கும் அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கஷ்டமான வாய்களை எனக்குத் தருவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

எந்த ஊரிலும் ஜனங்களுக்குப் பல் விழும். எங்கே போனாலும் எனக்கு வேலை உண்டு. விரல் வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலையில் அவர் கடற்கரை ஊர் ஒன்றைப் பார்க்கப் போனார். எனக்கு விடுப்பு இல்லை. அளவு நாடா, வெப்பமானி, நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டார். நான்கு நாளில் திரும்பினார்.

"ஈரம் ஜாஸ்தி. சுவரெல்லாம் பூஞ்சை. உனக்கு நெஞ்சுக்கு ஆகாது."

"எனக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லையே."

"வரும்."

ஆகஸ்டில் மேட்டுநிலத்து ஊர். பகலில் நல்ல வெயில், மழையே இல்லை. ஆனால் இரவில் பதினான்கு டிகிரிக்கு இறங்குகிறது.

"ராத்திரி நான் போர்வைக்குள்ள இருப்பேன்," என்றேன்.

"பாத்ரூம் போக எந்திரிக்க மாட்டியா?"

"போர்வையோட போறேன்."

"தடுக்கி விழுந்தா?"

அன்று எங்கள் மகள் போனில் இருந்தாள். அவள் இருப்பது இதைவிடக் குளிரான ஊர். "அப்பா, ஊர்தானே தேடறீங்க? மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்களே. எனக்குக்கூட இவ்வளவு பார்க்கல."

"உனக்கு அப்பா பார்த்திருந்தா இன்னும் நீ எங்க வீட்டுலதான் இருந்திருப்ப," என்றேன்.

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில் புண் கடலை அளவு ஆனது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் ஸ்கேல் வைத்து அளந்தார். விரலைத் தொடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு அளப்பார். "ரெண்டு மில்லி கூடியிருக்கு," என்பார். பிறகு எழுந்து போய்ச் சன்னலைச் சாத்துவார். சன்னல் ஏற்கெனவே சாத்தியிருக்கும்.

மூன்றாவது ஊர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தது. அங்கே ஒரு தனி வீடு. அதை மட்டும் அவர் இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டாம் முறை வந்தபோது முகம் தெளிந்திருந்தது. காலணியைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தார்.

"ராத்திரியிலயும் இருபத்திரண்டுக்குக் கீழ போகல. மூணு ராத்திரி பார்த்தேன். படுக்கிற அறைக்கு நாள் முழுக்க வெயில்."

"சரின்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிடலாம். கொஞ்சம் எழுத வேண்டியிருக்கு."

இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஒப்பந்தம் எழுதுகிறார் என்று நினைத்தேன். தபாலில் சேர்த்துவிட்டு வந்து நன்றாகத் தூங்கினார்.

நான் கூடத்துக்குப் போய், மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். மேற்பார்வை அக்கா என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்கலாமா என்று யோசித்து, தோளைத் தட்டினார். என் மேஜையும் விளக்கும் மறுநாளே ஒரு புதுப்பெண்ணுக்குப் போயின. வீட்டில் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கினேன். குளிர்காலத் துணிகளை யாருக்கோ கொடுத்துவிட்டேன். ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் காலையில் போன் வந்தது. அவர் கடைக்குப் போயிருந்தார்.

"நீங்கதான் வீட்டம்மாவா?" என்றது ஒரு பெண்குரல். "முகத்துவாரத்து வீடு என்னுதுதாம்மா. உங்க வீட்டுக்காரர் ஏழு பக்கம் எழுதி அனுப்பியிருக்கார்."

"ஒப்பந்தமா?"

"ஒப்பந்தமா! குறைம்மா. நம்பர் போட்டு இருபத்தேழு குறை. பாத்ரூம் தரை சரிவாம். மூணாவது படி மத்த படியைவிட அரை அங்குலம் உயரமாம். எங்கப்பா கட்டின படிம்மா அது. கடைசியில என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'மேற்கண்ட குறைகள் நீக்கப்படும்வரை பயன்பாட்டுக்குத் தகுதியற்றது.' கீழ கையெழுத்து."

நான் உட்கார்ந்தேன்.

"நான் வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லிடணும்னுதான் கூப்பிட்டேன்."

"எப்பங்க குடுத்தீங்க?"

"நேத்துதான். சாவியும் குடுத்தாச்சு."

என் விரலைப் பற்றிச் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

"ரெண்டு தடவை வந்தாரு. ரெண்டு தடவையும் டீ குடிச்சாரு. உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா," என்றார். "சொல்லியிருந்தா அந்தப் படியை நானே இடிச்சிருப்பேனே."

என் கணவர் கீரைக்கட்டோடு வந்தார். நான் சொன்னேன். கீரையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"குறை இருந்துச்சு," என்றார். "எழுதாம எப்படி விடறது?"

"என்னைப் பத்தி ஏன் சொல்லல?"

"வீட்டைப் பார்க்கப் போனேன். வீட்டைப் பத்திதானே எழுதணும்?"

"வீடு அவ்வளவு மோசமா?"

"சேச்சே. நல்ல வீடு. நான் பார்த்ததுலேயே நல்ல வீடு. ஒரு மேஸ்திரி ரெண்டு வாரத்துல எல்லாத்தையும் சரி பண்ணிடுவான்."

"அப்புறம் ஏங்க தகுதியற்றதுன்னு எழுதினீங்க?"

"அதுதான் வாசகம்," என்றார். "குறை இருந்தா அந்த வாசகம்தான் எழுதணும். வேற வாசகம் கிடையாது."

அவர் என்னை ஏமாற்றவில்லை. எழுதி அனுப்பியதும் வேலை முடிந்தது என்றே நம்பியிருக்கிறார். குறைகளைச் சரிசெய்துவிட்டுக் கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம் என்று பத்து நாள் காத்திருந்திருக்கிறார்.

"நீங்க லிஃப்டைப் பூட்டிட்டு வந்தா அந்தக் கட்டடத்து ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

"படி ஏறிப் போவாங்க."

"எனக்குப் படி எங்கங்க இருக்கு?"

அவர் கீரையை மேஜையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அங்க போய் உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் பார்த்துச் சொன்ன ஊருல ஆனதா இருக்கும்."

"இங்க ஆனா?"

"இங்க ஆனா குளிரால ஆனது."

நான் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்தேன். சமைக்க வேண்டியிருந்தது.

அந்த வருடம் பனி இரண்டு வாரம் முந்தி விழுந்தது. காலையில் தெரு வெள்ளையாக இருந்தது. என் நடுவிரலும் வெள்ளையாக இருந்தது. வெந்நீரில் வைத்தேன். வழக்கமாக இருபது நிமிடத்தில் எரிச்சல் ஆரம்பிக்கும். எரிச்சல் வந்தால் ரத்தம் வருகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் மூன்று முறை வெந்நீர் மாற்றினார். விரல் சாம்பல் நிறமானது. எரிச்சல் வரவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னும் கிளம்பலையா நீங்க?" என்றார். பிறகு குரலை இறக்கினார். "வாங்க, மருந்து ஏத்தலாம். போன வருஷமும் ஏத்தினோம்."

போன வருடம் மூன்று நாள் ஏற்றினார்கள். அப்புறம் வெட்டினார்கள்.

கோட்டை மாட்டிக்கொண்டேன். பொத்தான் போட வரவில்லை.

"எங்க கிளம்பற?"

"ஸ்டேஷனுக்கு. நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

"வீடு பார்க்காம, ஒண்ணும் பார்க்காம எங்க போய் இறங்கறது?"

"இறங்கினப்புறம் பார்த்துக்கறேன்."

அவர் குனிந்து பொத்தான்களைப் போட்டுவிட்டார். கழுத்துப் பொத்தான்வரை போட்டார். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் ஒரு டிக்கெட் சன்னல்தான் திறந்திருந்தது. உள்ளே சளி பிடித்த ஒரு பெண். எங்கள் முறை வந்தது.

"எங்க சார்?"

அவர் நோட்டைத் திறந்தார். பக்கம் புரட்டினார்.

"சார், எங்க போகணும்?"

"தெற்கே."

"தெற்கே நான் பதினாறு ஊருக்கு டிக்கெட் தர்றேன்."

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. கதவு திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே வந்தது. "பெரியவரே, வீட்டுலயே பேசி முடிச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார் ஒருவர். "விடுங்கண்ணே, அவரும் ரயிலும் ஒண்ணு. ரெண்டும் நேரத்துக்குக் கிளம்பாது," என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நோட்டை என் பக்கமாக நீட்டினார். கடற்கரை ஊர், ஒன்பது குறை. மேட்டுநிலத்து ஊர், பதினொன்று.

ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ஐந்து மாதத்தில் எந்த நாளில் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். விடுப்பு இல்லை என்றேன். அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்றேன். தப்பாகப் போனால் அவரைக் குறை சொல்லலாம் என்று எனக்கும் ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. வீட்டில் பூட்டு ஒன்றல்ல, இரண்டு.

சன்னல் பக்கம் குனிந்து கடற்கரை ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அங்க ஈரம்..." என்றார் அவர்.

"தெரியும்."

"எத்தனை பேரும்மா?" என்றாள் அந்தப் பெண்.

நான் அவரைப் பார்த்தேன்.

"ரெண்டு," என்றார்.

"போய் வரவா?"

"போக மட்டும்," என்றேன்.

ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. காத்திருக்கும் அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் தன் கோட்டைத் திறந்தார். ஸ்வெட்டரைத் தூக்கி, சட்டைக்குள் என் கையை இழுத்து, வெறும் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். குளிரில் அவர் உடம்பு ஒரு முறை உதறியது. கையை விடவில்லை.

"சூடு தெரியுதா?"

"மத்த விரலுக்குத் தெரியுது."

இன்னும் அழுத்தினார். எதிர்ப் பெஞ்சில் இருந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"அங்க எனக்கு யாரையும் தெரியாது," என்றார். "ஒரு லாட்ஜ் இருக்கு. அதுல லிஃப்ட் சரியில்ல."

"கீழ ரூம் கேக்கலாம்."

"கேக்கலாம்."

அரை மணி நேரம் கழித்துக் கையை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். நகத்தடியில் ஒரு கறுப்புக் கோடு வந்திருந்தது. நூல் போல, விரலைச் சுற்றி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "நல்லாத்தான் இருக்கு."

"ம்."

கையைத் திரும்பவும் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ரயிலுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.