தலையில் தண்ணி ஏறியவன்

1893ஆம் வருஷம், ஒரு குடம் தண்ணீருக்குப் பெண்கள் தலைமயிரைப் பிடித்துக்கொண்ட சித்திரை மாதத்தில், கோலார் தங்க வயலின் ஸ்கெலட்டன் பக்கத்துத் தொழிலாளர் லைனில், தட்டி வீடொன்றில், பர்னபாஸ் என்ற சுரங்கத் தொழிலாளி காய்ந்த பாயில் படுத்தபடியே நீரில் மூழ்கி இறந்தான். வயது முப்பத்திரண்டு. சொந்த ஊர் குடியாத்தம் பக்கம்.

முந்தைய மார்கழியில் எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் அவன் மனைவி லூயிசாவுக்கு அது காதில் விழுந்தது. அவன் தலைக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை, கஞ்சியைத் தொட்டுவிட்டு வைத்துவிடுவான், சும்மா உட்கார்ந்து அழுவான். வீட்டில் சாவில்லை, சண்டையில்லை. காரணமில்லாமல் எவனாவது அழுவானா என்று லைனே கேட்டது. விசுவாசக் குறைவு என்றார் உபதேசியார். உடம்பு வணங்கவில்லை என்றார் மேஸ்திரி. சுரங்கத்தில் பம்ப் ஓட்டும் சுந்தரராஜ் மட்டும், நீர் நிறைந்த சுரங்கத் தளத்தைக் கேட்பதுபோல அவன் தலையில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். "ஊத்து உள்ளயே கீதும்மா. அவன் இன்னா பண்ணுவான் பாவம்" என்றார். யாராவது காதை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தண்ணீர் ஏறுவதில்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். இறங்காது, ஏறாது, அவ்வளவுதான். லூயிசாவும் ஏழு வயது மகள் பியாட்ரிஸும் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். அவன் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தான்.

மூன்று ஷிப்ட் தவறியதும் லூயிசா ஆபீசுக்குப் போய், கிளார்க் சாம்ராஜிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "எங்க வூட்டுக்காரருக்குத் தண்ணி தலைக்கு ஏறிடுச்சிங்க. எறங்கினதும் வந்துடுவாரு." தங்க வயலில் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். சாம்ராஜ் சிரித்துக்கொண்டே "குடி" என்று எழுதிப் பெயரை அடித்தார். பர்னபாஸ் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன். லைனில் அதுவே பெரிய அதிசயம். பெயர் போனால் எட்டு நாளில் வீடும் போகும். அந்த ஒரு சொல்லை மாற்ற லூயிசா மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நின்றாள். குடிக்கமாட்டான் என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். வேறு யாரும் வராததால், மூன்றாம் நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியாட்ரிஸையே சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சாம்ராஜ் "குடி"யை அடித்து "நோய்" என்று எழுதினார். அந்த நல்ல செய்தியோடு இருவரும் ஓடிவந்தபோது அவன் காதிலிருந்து தண்ணீர் வழிந்து முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் வந்து மார்பை அழுத்தினார். ஒரு சட்டி நிறைய வந்தது. "இவரு வம்சத்துல யாருக்காவது இப்படி வந்துச்சா?" என்று கேட்டார். மாமியார் தாது வருஷப் பஞ்சத்தில், ஏரி குளமெல்லாம் வெடித்துக் கிடந்தபோது, தொப்பலாக நனைந்து செத்ததாகக் கேள்விப்பட்டது லூயிசாவுக்கு ஞாபகம் வந்தது. ஊரில் அதைப் பேய் என்றார்கள். "பேயும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்லம்மா. கல்லீரல் கெட்டா காமாலை வருதுல்ல, அப்படி இது மூளையில வர்றது" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தில் "நீரில் மூழ்கி மரணம்" என்று எழுதினார். லூயிசா மகளின் தலையைப் பார்த்தாள்.

பதினாறு வயதில் பியாட்ரிஸுக்குச் சொட்ட ஆரம்பித்தது. இந்த முறை லைனில் யாரும் காரணம் கேட்கவில்லை. பெண்கள் ஷிப்ட் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பதினெட்டில் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கொர்னேலியஸ் என்ற பையனுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மறைத்துக் கட்டிவைக்க மனம் வராமல், "இவ தலையில தண்ணி கீதுங்க" என்று லூயிசா முதலிலேயே சொல்லிவிட்டாள். பையனின் அம்மா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுப் பெண்ணின் தலையில் காதை வைத்தாள்.

"மொழங்கால் அளவுதான். எங்க பெரியவனுக்கு மாரு வரைக்கும் ஏறும். வூட்ல ஆறு பேரு கீறோம், மாத்தி மாத்தி உக்காந்துக்குறோம்."

ஆறு பேர் என்றதும் லூயிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குப் பர்னபாஸுக்கு ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். சம்பந்தியம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆசீர்வாதத்துக்குப் பெண் தலை குனிந்தபோது பாதிரியார் ஒரு நிமிஷம் ஜெபத்தை நிறுத்தி அந்தச் சொட்டைக் கேட்டுவிட்டு, பிறகு தொடர்ந்தார்.