நிழற்சரிவின் வெண்தூண்

வெண்தூண் நழுவி என் மடியில் சாய்கிறது, பனியில் அகழ்ந்த குழிக்குள் முழந்தாளிட்டிருக்கிறேன், நிழற்சரிவிலிருந்து நானே அறுத்து நிறுத்திய தூண் அது, பனி வாரும் ஷவல் தகட்டை அதன் தலைமேல் வைத்து முதலில் மணிக்கட்டால், பிறகு முழங்கையால், பிறகு தோளின் வலிமையெல்லாம் கூட்டித் தட்டவேண்டும், அத்தனைக்கும் அசையாது நின்றால் சரிவு நம்மைத் தாங்கும், இதுவோ விரல் பட்டதுமே விழுந்தது, மேலே பலகையாய் இறுகிய பனி, அடியில் ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரை மணிகள், மடியில் உறையும் இந்தக் குளிர் என் தம்பி நம்பிராஜனுடைய தலையின் குளிர், சென்ற மாசியில் இதே சரிவின் அடியில் அவனைத் தோண்டியெடுத்து இப்படித்தான் கிடத்தினேன், இமைகளில் உறைந்திருந்ததை ஊதி ஊதிக் கரைக்கிறேன், கண் திறக்கவில்லை.

என்னவே, உடுக்கு அடிக்கமாதிரி தட்டிக்கிட்டே கெடக்க, சாமி எறங்கிட்டுதா, தாண்டலாமா என்று மேலிருந்து கேட்கிறார் சுபேதார் குலசேகரன், எங்கள் எல்லைக் காவல் அணியின் தலைவர், என் நாங்குநேரிப் பக்கத்துக்காரர், குழி ஆழம், தூண் விழுந்ததை அவர் அறியார், தலைவன்தான் முதலில் தனியே தாண்டவேண்டும் என்பது எங்கள் முறை, தம்பி இறந்த அன்று அவரே அதை மீறினார், நிழற்பக்கத்தில் காற்று அறுக்கிறதென்று வெயில்பட்டு இறுகிய எதிர்ப்பக்கத்தில் குழி தோண்டி, இரும்பாட்டம் இருக்குடே, நீ லேசா இருக்க, முன்னால போ நம்பி என்றார், போறேன் அண்ணாச்சி, ராத்திரி சீட்டுல மட்டும் தோத்துக் குடுக்கணும் என்று சிரித்துக்கொண்டே என் தம்பி நிழலுக்குள் இறங்குகிறான், வெள்ளை முழுதும் அவன்மேல் இறங்குகிறது. தூண் பிளந்து தோன்றிய பெருமானே, அறைந்தவன் நெஞ்சைக் கீறிய உகிர்களை ஓராண்டாய்த் துதித்தேன், இதோ தந்துவிட்டாய், தாண்டலாம் அண்ணாச்சி என்னும் ஒரு சொல், அது என் நாவில் இனிக்கிறது, அவர் மட்டுமே நடப்பார், அவர்மேல் மட்டுமே இறங்கும், ஆனால் நொடியில் முடிந்துவிடும், தம்பியின் இமைகளை ஊதியபோது என் மடியில் கிடந்த குளிரை அறியாமலே போய்விடுவார், அது போதாது.

எறங்கி வாங்க அண்ணாச்சி, நீங்களே தட்டிப் பாருங்க என்கிறேன், எனக்கென்னத்துக்குவே இந்தச் சோலி என்றவாறே இறங்குகிறார், பக்கத்தில் வேறொரு தூணை அறுத்து நிறுத்துகிறேன், முழந்தாளிட்டு மணிக்கட்டை உயர்த்துகிறார், தட்டக்கூட இல்லை, தொட்டார், தூண் பெருமூச்சோடு நழுவுகிறது, சர்க்கரை மணிகள் அவர் விரலிடுக்கில் உதிர்கின்றன, அன்னிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமாவே என்கிறார், நீங்க இந்தப் பக்கம் தோண்டலையே அண்ணாச்சி என்கிறேன், எழுந்திருக்கக் கை நீட்டுகிறார், நான் ஷவலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், இனி எல்லாச் சரிவுலயும் நீங்களே தட்டணும், நான் பக்கத்துல நிப்பேன் என்று சொல்லிக் குழியைவிட்டு ஏறுகிறேன், திரும்பிப் பார்க்கும்போது, வெண்தூண் அவர் மடியில் சாய்ந்து கிடக்கிறது, அவர் குனிந்து அதை ஊதிக்கொண்டிருக்கிறார்.