அண்ணி எடுத்த போன்

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மடியில் முறம், முறத்தில் சின்ன வெங்காயம், உரித்தபடியே அண்ணி பேசிக்கொண்டிருக்கிறாள், மறுமுனையில் யாரும் பேசவில்லை, மூச்சு விடும் சத்தம் மட்டும்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும், இன்னைக்குப் புளிக்கொழம்புங்க, உங்க வீட்ல என்ன, என்று கேட்கிறாள், பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுக்கிறாள், கண்ணில் நீர் வழிய வழியச் சிரிக்கிறாள். உறையூர் வீட்டின் கூடம் அது, மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் சாய்த்துப் போட்டிருக்கும், நான் பாவாடை தாவணியில் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போதும் அங்கேயேதான் நிற்கிறேனோ என்னவோ.

எங்கள் தெருவுக்கே அபூர்வமாக அந்தப் போன் வந்திருந்தது, அம்மா அதற்குப் பூவேலை செய்த துணி போட்டு மூடி வைத்திருந்தாள், வந்து ஒரு வருடத்துக்குள் இந்த அழைப்பு தொடங்கியது, அம்மா எடுத்தால் மூச்சு, அக்கா எடுத்தால் மூச்சு, நான் எடுத்தால் அதே மூச்சு, அப்பா எடுத்து அலோ என்றதும் டக்கென்று வைத்துவிடும் சத்தம். அப்பாவுக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும், கல்லூரியில் கடைசி வருடம் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த தேன்மொழி அக்காவை நடுக்கூடத்தில் நிறுத்தி, யாரு அவன், என்றார், சத்தியமா எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா என்று அக்கா அழுதாள், தெரியாதவன் தெனமும் போன் பண்ணுவானா, நாளையிலிருந்து காலேஜ் வேணாம், என்று அதோடு முடித்துவிட்டார், தரகருக்கும் சொல்லியாயிற்று, பெண் பார்க்க ஆட்கள் வருவதாகப் பேச்சு, அக்காவின் புத்தகங்கள் மேஜையில் திறந்தபடியே கிடந்தன, அவற்றை மூடிவைக்கக்கூட எங்களுக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் அண்ணி, மணப்பாறையிலிருந்து தை மாதம் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த சௌந்தரவல்லி, அதுவரை அப்பா முன்னால் குரல் உயர்த்தாதவள், மாமா, இனிமே போன நான் எடுக்கிறேன், என்றாள். எடுத்து நாலு வார்த்தை காதில் விழுகிற மாதிரி திட்டப் போகிறாள் என்று நினைத்தோம், அவளோ குழம்பைப் பற்றிப் பேசினாள், தண்ணீர் வராததைப் பற்றி, மொட்டைமாடியில் வடகத்தைக் காக்கை கொத்தியதைப் பற்றிப் பேசினாள், என்ன அண்ணி இது என்று நான் கேட்டதற்கு, திட்டினா வெச்சிருவாங்க பாப்பா, நிக்க வெச்சாதானே நாம சொல்றதக் கேப்பாங்க, என்றாள். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது அவளுக்கு, வெகுகாலம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு மதியம் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்க பேசலேன்னா பரவால்லங்க, ஒன்னே ஒன்னு சொல்லிடறேன், உங்க போனால எங்க வீட்டுப் பொண்ணோட படிப்ப நிறுத்திட்டாங்க, என்றாள், அந்தப் பக்கம் மூச்சு திணறி அழுகையாக உடைந்தது, பெண் குரல், வயதான பெண் குரல், ஐயோ, நான் அதுக்காகப் பண்ணலம்மா, அண்ணன் குரலக் கேக்கத்தான், டெலிபோன் டைரக்டரியில அண்ணன் பேரப் பாத்தேன், அலோன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பயந்து வெச்சிருவேன், மத்தவங்க எடுத்தா வீட்டுச் சத்தம் கேட்டுட்டே இருப்பேன்.

பூங்கோதை, எனக்கு அப்படி ஓர் அத்தை இருப்பதே அன்றுதான் தெரியும், வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு போனவள், இதே திருச்சியில், பாலக்கரையில் இத்தனை வருடமாக இருந்திருக்கிறாள், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, உங்க மாமாகிட்ட சொல்லிடாத தாயி, என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அண்ணி தலையாட்டவில்லை. மாலை அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் ரசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னாள், மாமா, அந்தப் போன் தேனுக்கு வரல, உங்களுக்குத்தான் வருது. எனக்கா, எனக்கு எவன் பண்ணுவான்? எவனும் இல்ல மாமா, உங்க தங்கச்சி. அப்பாவின் கை தட்டிலேயே நின்றது, எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்ல, என்றார், அந்தக் குரலுக்கு நாங்கள் எல்லோரும் ஒடுங்கிப் போனோம், அண்ணி மட்டும், சரி மாமா, இல்லாதவங்க பண்ற போனுக்காக இருக்கிற பொண்ணு ஏன் படிப்ப விடணும், என்று கேட்டுவிட்டு, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், அதே இடத்தில் நின்றாள்.

அப்பா எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் காலையில் செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல், தேனு, காலேஜுக்கு நேரமாகல, என்றார், அக்கா தலையைக்கூடச் சரியாகப் பின்னாமல் ஓடினாள், தரகருக்கும் வேண்டாமென்று சொல்லியனுப்பினார். விடுமுறை நாட்களில் மணி அடித்தால் அவரே எழுந்து போகத் தொடங்கினார், அலோ என்பார், மறுமுனை வைத்துவிடாது இப்போது, இவரும் வைக்கமாட்டார், தங்கையோடு ஒரு வார்த்தை பேசவும் மாட்டார், ரிசீவரை மேஜைமேல் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, முட்டிவலி இன்னைக்குத் தேவல, தேனு ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிருக்கா தெரியுமில்ல, என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார், தெரிஞ்சதத்தானே சொல்றீங்க என்று அம்மாவும் அதே சத்தத்தில் கத்துவாள், நாங்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் அடுக்களைக்குள் ஓடுவோம், பிறகு ஒருநாள் அப்பா, மழை வர்றாப்ல இருக்கு, பாலக்கரைப் பக்கம் தண்ணி நிக்குமே, என்று யாரிடமோ கேட்டபோது ரிசீவர் அவர் கையில்தான் இருந்தது, ஆமாண்ணே, நிக்கும், என்றாளாம் அத்தை.

அக்கா கல்யாணத்தில் அத்தைதான் மணவறைக்குப் பின்னால் நின்று அவளுக்கு வியர்வை துடைத்துவிட்டாள், வருடங்கள் கழித்து அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், அண்ணிக்கு இப்போது தலை முழுக்க நரை, போன வாரம் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன், எப்படி அண்ணி, புதுசா வந்த வீட்ல, மொகம் தெரியாத ஆள்கிட்ட, அவ்வளவு பேச எப்படி வந்துச்சு உங்களுக்கு. அவள் என் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள், உங்கண்ணன் நெய்வேலிலேர்ந்து சனிக்கெழமதான் வருவாரு, நீங்க எல்லாரும் உங்களுக்குள்ள பேசிப்பீங்க, அந்த வீட்ல நான் என்ன கொழம்பு வெச்சேன்னு முழுசாக் கேட்டது அந்த அம்மா ஒருத்திதான் பாப்பா, என்றாள்.