அக்காவின் எக்கோ

மருத்துவமனையில், இதயத்தைப் படமாகக் காட்டும் புது எக்கோ மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினியர், யாரையாவது படுக்கவைத்துச் சரிபார்க்க வேண்டும் என்றார். அன்று காலை நோயாளிகள் யாரும் வரவில்லை. வீட்டுச் சாவியை வாங்கிப்போக வந்திருந்த அக்காவைத் தங்கை கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

தங்கை அந்த மருத்துவமனையில் பதினொரு வருடமாக எக்கோ டெக்னீஷியன். அக்கா தையல்காரி. வீட்டில் அவளுக்கு 'நத்தை' என்று பெயர். மாடி ஏறினால் பாதியில் நிற்பாள். துணிக்கூடையைத் தூக்கினால் மூச்சு வாங்கும். "இவளுக்கு உடம்பு வளையாது" என்று அம்மா சொல்லிச் சொல்லியே அவளுக்கு நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது.

"ஜெல் சில்லுனு இருக்குடி."

"பேசாம படு."

திரையில் இதயம் தெரிந்தது. வலது பக்கம் இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தது. தங்கை கருவியை நெஞ்செலும்புக்குக் கீழே வைத்து அழுத்தினாள். ரத்த ஓட்டத்துக்கு நிறம் காட்டும் பொத்தானைத் தட்டினாள். மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே, சுவர் இருக்க வேண்டிய இடத்தில், இடது அறையிலிருந்து வலது அறைக்கு ரத்தம் சிவப்பாகப் பாய்ந்தது. அந்த ஓட்டையை இரண்டு முறை அளந்தாள். பதினெட்டு மில்லிமீட்டர்.

"மெஷின் எப்படி?" என்றார் இன்ஜினியர்.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

டாக்டரும் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போட்டார். "நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜனை ஏத்திக்கிட்டு வர்ற ரத்தம் இந்த இடது பக்கம் வந்து, இங்கேர்ந்து உடம்புக்குப் போகணும். உங்களுக்கு அதுல ஒரு பங்கு இந்த ஓட்டை வழியா வலது பக்கம் விழுந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போகுது. பிறந்ததிலேர்ந்தே இப்படித்தான்."

அக்கா அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான் சோம்பேறி இல்லையா?"

"இல்லைம்மா. உங்க இதயம் இத்தனை வருஷமும் கூடுதலா வேலை செஞ்சிருக்கு."

அடுத்த மாதம் தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, சின்ன வலைமூடி ஒன்றைக் கொண்டுபோய் ஓட்டையை அடைத்தார்கள். தங்கை அந்த அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்தாள். சிவப்பு மெலிந்து, நூலாகி, நின்றது.

மறுநாள் வார்டில் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து போர்வையை நீவிக்கொண்டே இருந்தாள். "எனக்கு என்ன தெரியும், நான் பாட்டுக்கு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா" என்றாள் தங்கை. "ஊர்ல உள்ளவங்க நெஞ்சையெல்லாம் பார்த்தேன்."

அக்கா இருவரையும் பார்த்தாள். "எனக்குக் கோபம் இருக்கு. அதை அப்புறம் பேசிக்கலாம். இப்போ பசிக்குது."

அம்மா எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சாப்பாடு வாங்கக் கீழே போனாள்.